பூட்டிய பெட்டியும் காலியான பையும்: குவைத்தின் கணக்கு

2020 ஆகஸ்டில் குவைத் நாடாளுமன்றத்தில் நிதியமைச்சர் பராக் அல்-ஷீத்தான் ஒரு கணக்கைச் சொன்னார். அரசின் கையிருப்பு 200 கோடி தினார். மாதத்துக்கு 170 கோடி தினார் வீதம் கரைந்துகொண்டிருக்கிறது. கடன் வாங்க அனுமதி தராவிட்டால் அக்டோபருக்கு மேல் அரசு ஊழியர்களுக்குச் சம்பளம் போட முடியாது. அவர் இதைச் சொன்ன அதே நாளில், அதே அரசுக்கு உலகெங்கும் பங்குகளாகவும் கட்டடங்களாகவும் கடன் பத்திரங்களாகவும் 50,000 கோடி டாலருக்கு மேல் சொத்து இருந்ததாக நிதிச் சந்தை வட்டாரங்கள் மதிப்பிட்டிருந்தன.

சம்பளம் போடக் காசில்லாத பணக்கார நாடு என்றால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். நம் வீடுகளில் நடக்காததல்ல. வங்கியில் பெண்ணின் கல்யாணத்துக்கென்று வைப்புத்தொகை லட்சக்கணக்கில் இருக்கும், மாசக் கடைசியில் பால்காரருக்குக் கொடுக்கக் கையில் இருக்காது. வைப்புத்தொகையை உடைக்க அப்பாவுக்கு மனம் வராது, கடன் வாங்க அம்மா விடமாட்டார். குவைத்தின் நிலைமை ஏறக்குறைய அதுதான். வித்தியாசம், அங்கே உடைக்கக் கூடாது என்பது சட்டம், கடன் வாங்கக் கூடாது என்றது நாடாளுமன்றம்.

வளைகுடா நாடுகளைப் பற்றிப் பேசும்போது ‘எண்ணெய் தீர்ந்தால் என்ன ஆகும்’ என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்கிறோம். குவைத்துக்கு அந்தக் கேள்வி இப்போதைக்குப் பெரிதாகப் பொருந்தாது. சுமார் 10,000 கோடி பீப்பாய் எண்ணெய் அதன் மண்ணுக்கடியில் இருக்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 லட்சம் பீப்பாய் எடுத்தாலும் நூறு ஆண்டுகளுக்குத் தாங்கும். எடுக்கும் செலவும் உலகிலேயே மிகக் குறைவான இடங்களில் ஒன்று. அந்த நாட்டின் சிக்கல், வந்த பணம் எந்தப் பைக்குள் போகிறது, அதைத் திறக்கும் உரிமை யாருக்கு என்பதில் இருக்கிறது.

பை இரண்டு. ஒன்று பொது இருப்பு நிதி. எண்ணெய் விற்ற பணம் இதற்குள்தான் வரும், சம்பளமும் மானியமும் இதிலிருந்துதான் போகும். இன்னொன்று எதிர்காலத் தலைமுறையினருக்கான நிதி. 1976-இல் தனிச் சட்டம் போட்டு இதை உருவாக்கினார்கள். அப்போது பொது இருப்பில் இருந்ததில் பாதியை இதற்கு மாற்றினார்கள். அதன்பின் ஆண்டுதோறும் அரசு வருவாயில் 10 சதவீதத்தைக் கண்ணை மூடிக்கொண்டு இதில் போட வேண்டும் என்றும் விதித்தார்கள். 2020 வரை பற்றாக்குறை வந்த ஆண்டிலும் போட வேண்டியிருந்தது. எடுக்க வேண்டுமானால் இன்னொரு சட்டம் வேண்டும். இந்த நிதி ஈட்டும் லாபம்கூட அரசின் வரவு செலவுத் திட்டத்தில் வராது, அப்படியே திரும்ப முதலீடாகிவிடும்.

குவைத் அரசின் பட்ஜெட்டைப் படிப்பவர்கள் தடுக்கி விழும் இடம் இது. 2025-26 நிதியாண்டுக்கான திட்டத்தில் செலவு சுமார் 2,450 கோடி தினார், பற்றாக்குறை சுமார் 630 கோடி தினார். அச்சமூட்டும் எண். ஆனால் சர்வதேச நாணய நிதியம் அதே நாட்டைக் கணக்கிடும்போது முதலீட்டு வருமானத்தையும் சேர்த்துக்கொள்கிறது. பள்ளத்தின் ஆழம் வெகுவாகக் குறைகிறது, நல்ல ஆண்டுகளில் உபரியாகவே மாறிவிடுகிறது. குவைத் திவாலாகப் போகிறது என்று யாராவது பட்ஜெட் எண்ணைத் தூக்கிக் காட்டினால், எந்தப் பையின் கணக்கு அது என்று முதலில் கேட்க வேண்டும்.

இவ்வளவு கெட்டியாகப் பூட்டு போட்டதற்குக் காரணம் உண்டு. எண்ணெய்க்கு முன் குவைத் கடலை நம்பிய ஊர். கோடையில் முத்துக் குளிப்பு. மற்ற காலத்தில் பஸ்ராவின் பேரீச்சம்பழத்தை ஏற்றிக்கொண்டு இந்திய மேற்குக் கரைக்கு வந்து, மலபார் தேக்கோடு திரும்பும் பாய்க்கப்பல்கள். குடிக்கிற தண்ணீரைக்கூட ஷத் அல்-அரபு ஆற்றிலிருந்து படகில் கொண்டுவந்து விற்றார்கள். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்ததும், 1930-களின் உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்து முத்துத் தொழிலைச் சாய்த்துவிட்டன. ஒரே சரக்கை நம்பினால் என்ன ஆகும் என்று அந்தத் தலைமுறை பார்த்துவிட்டது.

1938 பிப்ரவரியில் புர்கானில் எண்ணெய் கிடைத்தது. உலகின் மிகப் பெரிய எண்ணெய் வயல்களில் ஒன்று. ஆனால் இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்ததால் கிணறுகளை அடைத்து வைத்தார்கள். முதல் கப்பல் புறப்பட்டது 1946 ஜூன் 30 அன்று. அதன்பின் ஏழே ஆண்டுகளில், 1953-இல், மிச்சப் பணத்தை முதலீடு செய்வதற்கென்று லண்டனில் ஒரு வாரியத்தை ஷேக் அப்துல்லா அல்-சாலிம் தொடங்கிவிட்டார். நாடு அப்போது சுதந்திரம்கூட அடையவில்லை. அது கிடைத்தது 1961-இல்தான். இன்று ஒவ்வொரு எண்ணெய் நாடும் வைத்திருக்கும் அரசு முதலீட்டு நிதிகளுக்கெல்லாம் மூத்தது இதுதான். நார்வே இதே வேலையைத் தொடங்கியது கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து.

தினாரைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. குவைத் தினார் உலகிலேயே மதிப்பு மிக்க நாணயம் என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி ஒரு படம் சுற்றும். உண்மைதான், ஒரு தினாருக்கு மூன்று டாலருக்கு மேல். ஆனால் அதற்கான முதல் காரணம் எண்ணெய் வளம் அல்ல, தொடக்கத்தில் வைத்த அளவு. 1961 வரை குவைத்தில் புழங்கியது இந்திய ரூபாய். 1959 முதல் வளைகுடாவுக்கென்றே இந்திய ரிசர்வ் வங்கி தனி நோட்டுகளை அச்சிட்டு அனுப்பியது. 1961-இல் அதை மாற்றித் தினாரைக் கொண்டுவந்தபோது ஒரு தினார் ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்குச் சமம் என்று வைத்தார்கள். ரூபாய்க் கணக்கில் 13 ரூபாய் 33 காசு. பவுண்டும் ரூபாயும் அதற்குப் பிறகு சரிந்துகொண்டே வந்தன, தினார் சரியவில்லை. இன்று அதே தினாருக்கு 270 ரூபாய்க்கு மேல் கொடுக்க வேண்டும். நாணயத்தின் பலம் அதன் ஒற்றை எண்ணில் இல்லை, அறுபது ஆண்டுகளாக அதை விழாமல் பிடித்து வைத்திருப்பதில் இருக்கிறது. 2007 முதல் பல நாணயங்கள் அடங்கிய தொகுப்போடு அதைப் பிணைத்திருக்கிறார்கள்.

லண்டன் முதலீட்டு வாரியத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. 1974-இல் ஜெர்மனியின் டெய்ம்லர்-பென்ஸில் ஏறக்குறைய 14 சதவீதப் பங்கை வாங்கினார்கள். 1987 அக்டோபரில் உலகப் பங்குச் சந்தைகள் சரிந்த நேரத்தில் பிரிட்டிஷ் அரசு தன் கையில் மிச்சமிருந்த பிபி (பிரிட்டிஷ் பெட்ரோலியம்) பங்குகளை விற்றுக்கொண்டிருந்தது. வாங்க ஆளில்லை. குவைத் வாங்கியது, வாங்கிக்கொண்டே போய் 21.6 சதவீதத்தைத் தொட்டது. ஒரு காலத்தில் குவைத் எண்ணெயில் சரிபாதி பங்கு வைத்திருந்த நிறுவனம் அது. அதன் ஐந்தில் ஒரு பங்கு குவைத்தின் கைக்கு வந்ததும் லண்டன் பதறிவிட்டது. 9.9 சதவீதமாகக் குறைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பிபியே பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொண்டது, அதிலும் குவைத்துக்கு லாபம்தான். ஐரோப்பிய நெடுஞ்சாலைகளில் இன்றும் தெரியும் குவைத்தின் க்யூ8 பெட்ரோல் நிலையங்கள் அந்தக் காலத்துச் சொத்து.

பெட்டிக்குள் பணம் வைத்ததன் அருமை 1990 ஆகஸ்ட் 2 அன்று தெரிந்தது. சதாம் ஹுசைனின் படை ஒரே நாளில் நாட்டைப் பிடித்துக்கொண்டது. மத்திய வங்கியின் தங்கமும் நோட்டுக்கட்டும் பாக்தாத்துக்குப் போயின. குவைத் அந்த நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்துப் புதிய நோட்டு அடித்தது. நாடே இல்லாத அரசு ஒன்று சவூதியில் தங்கியபடி தன் குடிமக்களுக்குப் படி கொடுத்தது, நேச நாடுகளின் போர்ச் செலவில் பங்கு போட்டது, எரிந்த 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளை 1991 நவம்பருக்குள் அணைத்தது, ஊரைத் திரும்பக் கட்டியது. பெரும்பாலும் அந்த வெளிநாட்டு முதலீட்டிலிருந்துதான். ஈராக்கிடமிருந்து ஐ.நா. வழியாக வசூலான இழப்பீடு 5,240 கோடி டாலர், கடைசித் தவணை 2022 ஜனவரியில்தான் வந்து சேர்ந்தது. குவைத்துக்காரர் யாரிடமும் எதிர்கால நிதியில் கைவைக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள், 1990-ஐத்தான் பதிலாகச் சொல்வார். அந்தப் பதிலை மறுப்பது கடினம்.

ஆனால் பூட்டிய பெட்டியின் மறுபக்கம், திறந்து கிடக்கும் பை. பட்ஜெட்டில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் சம்பளத்துக்கும் மானியத்துக்குமே போகிறது. பாலம், துறைமுகம், மின் நிலையம் என்று புதிதாகக் கட்டுவதற்கு ஒதுக்குவது சொற்பம். 2025-26 திட்டத்தின் வரவில் எண்ணெய் மட்டும் சுமார் 1,530 கோடி தினார், மற்ற எல்லாம் சேர்ந்து சுமார் 290 கோடி. நிதியமைச்சகத்தின் கணக்குப்படியே வரவும் செலவும் சரிக்குச் சரி நிற்க பீப்பாய்க்கு 90 டாலர் கிடைக்க வேண்டும். அதற்குக் கீழே விற்றால் துண்டு விழும்.

குடிமக்கள் சுமார் 15 லட்சம் பேர். வேலை பார்க்கும் குடிமக்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அரசு வேலையில் இருக்கிறார்கள். தனியாருக்குப் போகிறவர்களுக்கும் அரசே சம்பளத்தின் மேல் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்கிறது. கல்யாணமானால் வீட்டுக்கு மனை, 70,000 தினார் வட்டியில்லாக் கடன். விண்ணப்பித்துவிட்டுப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும் என்பது வேறு விஷயம். ரேஷன் அட்டைக்கு அரிசி, சர்க்கரை, பால் பவுடர். தனிநபர் வருமான வரி இல்லை. மற்ற வளைகுடா நாடுகளோடு சேர்ந்து 2016-இல் ஒப்புக்கொண்ட மதிப்புக் கூட்டு வரியைச் சவூதி, அமீரகம், பஹ்ரைன், ஓமன் எல்லாம் நடைமுறைப்படுத்திவிட்டன, குவைத் இல்லை. 2011-இல் சுதந்திரத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு ஆளுக்கு 1,000 தினாரும், பதினான்கு மாதங்களுக்கு இலவச உணவுப் பொருளும் கொடுத்தார்கள். பிறந்த குழந்தைக்கும் அந்த 1,000 தினார் உண்டு.

இதைச் சோம்பேறித்தனம் என்று எழுதித் தள்ளுவது சுலபம், எழுதவும் செய்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்ணெய் யாருடையது என்ற கேள்விக்கு இது ஒரு பதில். ஆளும் அல்-சபா குடும்பத்துக்கும் வணிகக் குடும்பங்களுக்கும் மக்களுக்கும் இடையே எழுதாத ஓர் ஒப்பந்தம். முத்துக் காலத்தில் சுங்கமும் வரியும் கட்டி அரசரை நடத்தியவர்கள் வணிகர்கள். எண்ணெய் வந்ததும் அரசருக்கு அவர்கள் காசு தேவைப்படவில்லை. பதிலுக்கு வணிகர்களுக்கு இறக்குமதி ஏஜென்சிகளும் ஒப்பந்தங்களும் நிலமும் கிடைத்தன, மற்ற குடிமக்களுக்கு வேலை கிடைத்தது. ஒப்பந்தத்தின் ஒரு பக்கத்தை மட்டும் கிழிக்க முடியாது.

அந்தத் தனியார் பணம் தொழிற்சாலைக்குப் போகாமல் எங்கே போனது என்பதற்குச் சூக் அல்-மனாக் நல்ல உதாரணம். 1980-களின் தொடக்கத்தில் குவைத்தின் அதிகாரபூர்வப் பங்குச் சந்தைக்குப் பக்கத்திலேயே, குளிர்சாதனம் போட்ட ஒரு கட்டடத்தில் நடந்த வெளிப்படையான சூதாட்டம் என்றே சொல்லலாம். பஹ்ரைனிலும் அமீரகத்திலும் பதிவான, பெயரைத் தவிர எதுவும் இல்லாத கம்பெனிகளின் பங்குகளை, பின்தேதியிட்ட காசோலை கொடுத்து வாங்குவார்கள். காசோலைத் தேதிக்குள் பங்கு விலை இரண்டு மடங்காகும், விற்று அடைக்கலாம் என்பது நம்பிக்கை. விற்பவர்கள் காசோலையை முகத்துக்காக வாங்கினார்களே தவிர, வங்கியில் பணம் இருக்கிறதா என்று கேட்டால் அவமதிப்பு. 1982 ஆகஸ்டில் யாரோ ஒருவர் காசோலையைத் தேதிக்கு முன்பே நீட்ட, சீட்டுக்கட்டு சரிந்தது. நிலுவையில் நின்ற காசோலைகளைக் கூட்டிப் பார்த்தபோது 9,400 கோடி டாலர் வந்தது. நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போலப் பல மடங்கு. அரசுதான் கைகொடுத்தது, அதுவும் அதே எண்ணெய்ப் பணம்தான்.

மானியங்களில் வினோதமானது மின்சாரம். குவைத்துக் குடிமகனின் வீட்டுக்கு ஒரு யூனிட் 2 ஃபில்ஸ். ஒரு தினாருக்கு 1,000 ஃபில்ஸ், ஆக நம் காசில் சுமார் அறுபது பைசா. 1966-இல் வைத்த விலை, இன்னும் மாறவில்லை. 2016 ஜூலையில் மித்ரிபாவில் 53.9 டிகிரி வெயில் பதிவான நாடு அது, ஏசி அங்கே ஆடம்பரம் அல்ல. குடிநீரும் கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பது, அதற்கும் அதே மின் நிலையங்கள்தான். விளைவு, 2024 ஜூனில் நண்பகலில் பகுதி பகுதியாக ஒரு மணி, இரண்டு மணி நேரம் மின்சாரத்தை நிறுத்த வேண்டிவந்தது. நமக்குப் பழகிய விஷயம், அவர்களுக்கு அதிர்ச்சி.

அந்த மின் நிலையங்களுக்கு எரிவாயு எங்கிருந்து வருகிறது? கணிசமான பகுதி வெளியிலிருந்து! எண்ணெயில் மிதக்கும் நாடு 2009 முதல் திரவமாக்கிய எரிவாயுவைக் கப்பலில் இறக்குமதி செய்கிறது. குவைத்தின் எரிவாயு பெரும்பாலும் எண்ணெயோடு சேர்ந்து வெளியே வருவது. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் அமைப்பான ஒபெக்கின் கூட்டத்தில் உற்பத்தியைக் குறைக்க ஒப்புக்கொண்டால் எண்ணெயோடு எரிவாயுவும் குறையும், கோடையில் தேவை மட்டும் குறையாது. எண்ணெயையே எரித்தால் ஏற்றுமதிக்குப் போக வேண்டியது ஏசிக்குப் போகும். அதனால் அல்-சூரில் 2021-இல் பெரிய இறக்குமதி முனையம் ஒன்றைத் திறந்தார்கள். கத்தாரோடு 2020-இலும் 2024-இலும் ஆண்டுக்கு 30 லட்சம் டன் வீதம் பதினைந்து ஆண்டுகளுக்கு இரண்டு ஒப்பந்தங்கள். டாலர் கொடுத்து வாங்கி, 2 ஃபில்ஸுக்கு விற்கிறார்கள். விலையை உயர்த்தினால் பாதிப் பிரச்சினை தீரும் என்று எல்லோருக்கும் தெரியும், உயர்த்தத்தான் யாருக்கும் தைரியமில்லை.

தைரியமின்மைக்குக் காரணமும் இருந்தது. வளைகுடாவில் அமைச்சரைக் கூப்பிட்டு நிறுத்திக் கேள்வி கேட்கும் உண்மையான நாடாளுமன்றம் குவைத்தில்தான் இருந்தது. 2016 செப்டம்பரில் பெட்ரோல் விலையை உயர்த்தினார்கள். உயர்த்திய பிறகும் சூப்பர் லிட்டர் 105 ஃபில்ஸ்தான், முப்பது ரூபாய் வரும். அதற்கே எழுந்த ரகளையில் அடுத்த மாதம் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் வைத்தார்கள். அதற்கும் முன்பு, 2008 டிசம்பரில், அமெரிக்க நிறுவனமான டௌ கெமிக்கலோடு போட்ட 1,740 கோடி டாலர் கூட்டுத் திட்டத்தை உறுப்பினர்களின் எதிர்ப்புக்குப் பயந்து கடைசி நேரத்தில் கைவிட்டார்கள். நடுவர் மன்றம் தீர்ப்புச் சொல்லி, 2013-இல் தண்டமாக 220 கோடி டாலர் கட்டினார்கள். ஆலையும் இல்லை, பணமும் இல்லை.

கடன் சட்டத்தின் கதையும் அங்கேதான் முட்டி நின்றது. குவைத் 2017-இல் முதன்முறையாக வெளிநாட்டுச் சந்தையில் 800 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றது. அதே ஆண்டு அக்டோபரில் கடன் வாங்க அனுமதிக்கும் சட்டம் காலாவதியானது. புதுப்பிக்க உறுப்பினர்கள் மறுத்தார்கள். ‘முதலில் ஊழலை நிறுத்துங்கள், திருடியதைத் திரும்ப எடுங்கள், பிறகு கடன் கேளுங்கள்’ என்பது அவர்கள் வாதம். அதை வெறும் அரசியல் என்று தள்ளிவிட முடியாது. இரண்டு பைகளையும் நிர்வகிக்கும் குவைத் முதலீட்டு ஆணையத்தின் கணக்கைப் பொதுவில் வெளியிடுவது சட்டப்படி குற்றம். நார்வேயின் நிதி எவ்வளவு என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம், குவைத்தினுடையது ஒரு லட்சம் கோடி டாலரைத் தொட்டிருக்கும் என்று வெளியாட்கள் ஊகிக்கத்தான் முடியும். பெட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்லாமல், பையில் இல்லை, கடன் கொடு என்றால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

ஆகவே 2020-இல் குறுக்குவழி தேடினார்கள். பற்றாக்குறை ஆண்டில் 10 சதவீதத்தை எதிர்கால நிதிக்கு மாற்ற வேண்டியதில்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். பொது இருப்பில் இருந்த நிறுவனப் பங்குகளை எதிர்கால நிதியிடமே விற்று, ரொக்கம் வாங்கிச் சம்பளம் போட்டார்கள். இடது கை வலது கைக்கு விற்றது. சட்டத்தை மீறவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

2024 மே 10 அன்று நாட்டின் ஆட்சியாளரான அமீர் ஷேக் மிஷால் நாடாளுமன்றத்தைக் கலைத்து, அரசியலமைப்பின் சில பிரிவுகளையும் நான்கு ஆண்டுகள் வரைக்கும் நிறுத்திவைத்தார். ஏழெட்டு ஆண்டுகளாக நகராதது அதன்பின் ஆணையிலேயே நகர்ந்தது. 2025 மார்ச்சில் புதிய கடன் சட்டம், உச்சவரம்பு 3,000 கோடி தினார், ஐம்பது ஆண்டுகள் வரை தவணை. அந்த ஆண்டின் பிற்பகுதியில் 1,125 கோடி டாலர் கடன் பத்திரத்தைச் சந்தை வரவேற்று வாங்கிக்கொண்டது. பெரிய பன்னாட்டு நிறுவனங்களுக்கு 15 சதவீத வரியும் 2025 ஜனவரியில் வந்துவிட்டது. முதலீட்டாளர்கள் மகிழ்ந்தார்கள். எனக்குத் தோன்றுவது, கடன் வாங்கும் வழி திறந்ததால் செலவைக் குறைக்க வேண்டிய நெருக்கடி தள்ளிப்போயிருக்கிறது என்பதே. தடுத்த கையை எடுத்துவிட்டார்கள், கணக்கு கேட்ட வாயும் அதோடு போய்விட்டது.

கணக்கு கேட்கும் உரிமை ஒருபோதும் இல்லாதவர்கள் இன்னொரு பக்கம். குவைத்தின் மக்கள்தொகை ஏறக்குறைய 50 லட்சம், அதில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வெளிநாட்டவர். இந்தியர்கள் மட்டும் சுமார் 10 லட்சம். தமிழ்நாட்டின் எத்தனையோ ஊர்களில் ‘குவைத்காரர் வீடு’ உண்டு. 18-ஆம் எண் விசா என்றால் கம்பெனி வேலை, 20-ஆம் எண் என்றால் வீட்டு வேலை, அதைக் காதிம் விசா என்பார்கள். 2016-இல் வீட்டு வேலைக்கு வைத்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 60 தினார். 70,000 தினார் வீட்டுக் கடன் தரும் அதே அரசு வைத்த எண் இது. 2024 ஜூன் 12 அன்று மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு தீப்பிடித்ததில் இறந்த இந்தியர்கள் குறைந்தது 45 பேர், அதில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் 7 பேர்.

சிக்கனம் என்று வந்தபோதெல்லாம் அது முதலில் தட்டியது இவர்கள் கதவை. 2017-இல் வெளிநாட்டவருக்கான மருத்துவமனைக் கட்டணங்கள் கூடின. 2022 டிசம்பரில் அரசு மருத்துவ மையத்தில் வாங்கும் மருந்துக்கு 5 தினார் கட்டணம் வந்தது. மின் கட்டணத்தையும் உயர்த்தினார்கள், ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டவர் குடியிருக்கும் அடுக்குமாடிகளுக்கு. யூனிட்டுக்கு 5 ஃபில்ஸ். குடிமக்களின் தனி வீடுகளுக்கு அந்தச் சட்டத்திலேயே விலக்கு, அங்கே 2 ஃபில்ஸ்தான். நாடாளுமன்றம் இல்லாத இந்த நாட்களிலும் அந்த 2 ஃபில்ஸில் யாரும் கை வைக்கவில்லை.